மார்ஜின் பாசிட்டிவ்

ஜனவரி 3

பிஸ்கட் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் ஒரு டைரி கொடுப்பான். அது நேராக வீட்டுக்குப் போய், கோலம் போட்டுப் பார்க்கிற நோட்டாகிவிடும். இந்த வருஷம் ஆவுடையம்மாள் அதைத் திருப்பிக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள்.

"கடையில கத்துதீக. வீட்டுக்கு வந்தும் கத்துதீக. இனிமே கத்துதத எல்லாம் இதுல எழுதுங்க. என் காதுக்காவது விடுதல கெடைக்கட்டும்."

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காதுதான் என்னைப் பொறுத்துக்கொண்டிருக்கிறது. சரி, எழுதுகிறேன். கனகசபாபதி, பிஸ்கட், சோப்பு, தேயிலை ஏஜென்சி, கோவில்பட்டி. இதைக் கண்டெடுப்பவன் படிக்காமல் கொண்டுவந்து கொடுக்கவும்.

எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. சோப்பு லோடு நனைந்து வந்து இறங்கியது. டிரைவரைத் திட்டினேன். மார்கழி முழுக்க விடியுமுன் கோயிலுக்குப் போகிறவள் ஒரு வாரமாகப் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "தூரம்" என்றாள்.

"அதெல்லாம் நின்னு ஆறு வருசம் ஆகல?"

"ஆச்சு. இப்ப மறுபடி வந்துருக்கு. ஆம்பளைக்கு இதுல என்ன விசாரண? இளமை திரும்புதுன்னு நெனச்சுக்கிடுங்க."

சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன்.

ஜனவரி 6

சாத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் லோசனி போனில் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். அவளுடைய அம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டாள்போல.

"நின்னதுக்கு அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகணும்ப்பா. அம்மாதான் சொல்ல மாட்டா. கேட்டுட்டு நீங்களும் பேசாம இருந்தீகளா?"

நான் என்னத்தைக் கண்டேன்? எங்கள் வீட்டில் அம்மா, அக்கா, இவள், எல்லாருக்கும் அது "தூரம்"தான். அந்த வார்த்தையைக் கேட்டதும் ஆண்பிள்ளை எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்று பழக்கியிருக்கிறார்கள். நான் பழகிவிட்டேன். புதன்கிழமை உள்ளூர் லேடி டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

ஜனவரி 8

லேடி டாக்டர் பார்த்தார். பார்த்ததும் வேறு ஒன்றும் சொல்லாமல் திருநெல்வேலிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். "பொங்கல் கழிச்சுப் போலாமா?" என்று இவள் கேட்டாள். "பொங்கலுக்கு மறுவாரம் தாண்டக்கூடாது" என்றார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 14

பொங்கல். ஆவுடை பானையைத் தொடவில்லை. லோசனி வந்து வைத்தாள். பால் நன்றாகத்தான் பொங்கியது.

ஜனவரி 21

திருநெல்வேலி. பெரிய ஆஸ்பத்திரி. "பெண்கள் பிரிவு. ஆண்களுக்கு அனுமதி இல்லை" என்று பலகை. பலகைக்கு இந்தப் பக்கம் ஒரு நீள பெஞ்சு. அதில் என்னைப்போல வரிசையாகப் புருஷன்மார். ஒருத்தன் மடியில் மனைவியின் கைப்பை, ஒருத்தன் மடியில் தூக்குவாளி. யாரும் யாரையும் என்ன நோய் என்று கேட்கவில்லை. "எந்த ஊரு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டோம்.

உள்ளே சதைத் துணுக்கு எடுத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் பயாப்ஸி. வெளியே வந்தவள் முகம் வெளுத்திருந்தது. வலித்ததா என்று கேட்டேன். "ஒங்க சத்தத்தை விடக் கொறச்சல்தான்" என்றாள். பஸ்ஸில் பக்கவாட்டில் சாய்ந்துதான் உட்கார்ந்து வந்தாள்.

ஜனவரி 29

டாக்டர் கிரேஸ்லின் என்னையும் உள்ளே கூப்பிட்டார். நாற்பது வயதுக்குள் இருக்கும். அவசரப்படாமல் பேசுகிற அம்மா. ஒரு தாளில் படம் வரைந்தார்.

"ஐயா, கர்ப்பப்பை கவுத்து வச்ச செம்பு மாதிரி இருக்கும். இது செம்போட வாய். கர்ப்பப்பை வாய். நாங்க செர்விக்ஸ்னு சொல்லுவோம். அந்த வாயிலதான் கட்டி இருக்கு. ரிப்போர்ட்ல கார்சினோமான்னு வந்திருக்கு."

அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. நான் பயந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை.

"அப்ப கேன்சர் இல்லல்லா டாக்டர்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கார்சினோமான்னா கேன்சர்தான்யா."

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா நிறையச் சொன்னார். ஸ்டேஜ் ஒன் பி, அதாவது அந்த வாயைத் தாண்டி வெளியே போனதாகத் தெரியவில்லை, ஆபரேஷன் செய்யலாம், கர்ப்பப்பையோடு சுற்றியுள்ள நெறிக்கட்டிகளையும், நோட்ஸ் என்றார், எடுக்க வேண்டும். எல்லாம் எங்கோ கிணற்றுக்குள் இருந்து கேட்டது. ஆவுடைதான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். படத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வழியில் கேட்டாள்: "இத்தன வருசம் ஒரு வீட்டுல இருந்துருக்கோம். எனக்கு அங்க ஒரு வாய் இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது" என்றாள்.

பிப்ரவரி 2

அக்கா வந்தாள். ஊருக்கு "வயித்துல கட்டி" என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து வந்திருக்கிறாள். "கர்ப்பப்பைன்னு சொன்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாகடா. ஊர் வாய மூட ஒலமூடி கெடையாது."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அடுப்படியிலிருந்து ஆவுடை சொன்னாள்: "மதினி, வயிறு என்ன பாவம் செஞ்சது? அதுமேல ஏன் பழியப் போடுதீக? வந்த எடத்தச் சொல்லுங்க."

அக்கா காப்பி குடிக்காமல் போய்விட்டாள்.

ஊரில் கேட்கிறவர்களுக்கு நான் "வயித்துல கட்டி" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 13

ஆபரேஷன். காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். பலகைக்கு வெளியே நானும் லோசனியும். மதியச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, "எடுத்தாச்சு. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கோம். அந்த ரிப்போர்ட்தான் முக்கியம்" என்றார்.

ஆவுடைக்கு முழிப்பு வந்து கேட்ட முதல் கேள்வி: "மாவு புளிச்சிருக்குமே, பிரிட்ஜுல எடுத்து வச்சீகளா?"

வைக்கவில்லை.

பிப்ரவரி 17

வீட்டுக்கு வந்து துணி துவைத்துவிட்டுத் திரும்பினேன். புளித்த மாவைக் கொட்டினேன். சேலை மடிக்க எனக்கு வராது. சுருட்டி எடுத்துக்கொண்டு பார்வை நேரத்தில் உள்ளே போனேன். பார்த்துவிட்டுப் பக்கத்துக் கட்டில்காரியிடம் காட்டிக் காட்டிச் சிரிக்கிறாள். தையல் வலிக்கும், சிரிக்காதே என்றால் இன்னும் சிரிக்கிறாள். சவம், சிரிக்கட்டும்.

பிப்ரவரி 24

இன்று நல்ல நாள். அதனால் நிறைய எழுதுவேன்.

ரிப்போர்ட் வந்துவிட்டது. கவுன்டரில் கையெழுத்துப் போட்டு நானே வாங்கினேன். டாக்டர் கிரேஸ்லின் ஊரில் இல்லை, நாளைக் கழித்து வருவாராம். அதுவரை பொறுத்திருக்க நான் என்ன முனிவனா? பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன். பாதி வாயில் நுழையாத இங்கிலீஷ். ஆனால் எனக்குத் தெரிந்த வார்த்தைகளும் இருந்தன. நாளெல்லாம் கம்பெனிக்காரனோடு மல்லுக்கட்டுகிற வார்த்தைகள்.

முதலில் கிரேடு த்ரீ. தேயிலையில் எனக்குத் தெரியாத கிரேடா? ஒன்று என்றால் முதல் தரம், மூன்று என்றால் தூள், மட்டமான சரக்கு. வந்த நோயே மட்டரகமாக வந்திருக்கிறது, அதற்கு வீரியம் இருக்காது என்று எடுத்துக்கொண்டேன். பக்கத்திலேயே "புவர்லி" என்றும் போட்டிருந்தது. ஏழை நோய். சரிதான்.

அடுத்து நோட்ஸ் நெகட்டிவ். நெகட்டிவ் என்றால் நல்ல வார்த்தை இல்லை. நெறிகளில் ஏதோ கோளாறு என்று தோன்றியது. ஐந்து நிமிஷம் அந்த வரியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குக் கீழேதான் இருந்தது: மார்ஜின் பாசிட்டிவ்.

வாழ்நாள் முழுக்க அந்த வார்த்தைக்காகத்தானே நாய்ப்பாடு படுகிறேன்? மார்ஜின் இல்லை அண்ணாச்சி, மார்ஜின் குறைச்சாச்சு அண்ணாச்சி என்று எத்தனை மேனேஜர்கள் வந்து கழுத்தறுத்திருக்கிறான்கள்! மார்ஜின் என்றால் லாபம், அது கையில் நின்றால்தான் வியாபாரம் நிலைக்கும். செலவெல்லாம் போக இவளுக்குக் கையில் ஏதோ நிற்கிறது, ஆயுசு மிச்சம் இருக்கிறது என்றுதான் எனக்குப் புரிந்தது. எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் "என்ன சார்?" என்றார். "மார்ஜின் பாசிட்டிவ்" என்றேன். அவரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

லோசனிக்குப் போன் போட்டு மூன்று வரியையும் வாசித்துக் காட்டினேன். மூன்றாவது வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். "சரிப்பா. நாளக்கழிச்சு நானும் வாறேன்" என்றாள். சந்தோஷத்தில் வேறு எதுவும் கேட்காமல் போனை வைத்துவிட்டாள்.

சாத்தூர் கருப்பட்டி மிட்டாய் எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்று விசாரித்து, வெயிலில் நடந்துபோய் வாங்கி வந்தேன். பெஞ்சில் இருந்த புருஷன்மார் எல்லாருக்கும் கொடுத்தேன். பலகையைத் தாண்டி உள்ளே போய் வார்டில் எல்லாப் பொம்பளைகளுக்கும் கொடுத்தேன். பார்வை நேரம் இல்லைதான், ஆனாலும் இன்றைக்கு யாரும் தடுக்கவில்லை. சிஸ்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டி, "மார்ஜின் பாசிட்டிவ்மா" என்றேன். அந்தப் பெண் ரிப்போர்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மிட்டாயை வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

ஆவுடைக்குச் சொன்னேன். அவள் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு ஒரு துண்டு மிட்டாய் வாங்கித் தின்றாள். "நல்ல பாகு" என்றாள்.

வேட்டியெல்லாம் பிசுபிசுப்பு. துவைக்க வேண்டும்.

பிப்ரவரி 26

டாக்டர் கிரேஸ்லின் வந்துவிட்டார். லோசனியும் நானும் எதிரே உட்கார்ந்தோம். நான் மிட்டாய்ப் பெட்டியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஐயா, முதல்ல நல்ல செய்தி. நோட்ஸ் நெகட்டிவ். நெறிகளுக்குப் பரவல."

நெகட்டிவ் என்றால் நல்லதா என்று கேட்டேன். "எங்க பாஷையில நெகட்டிவ்னா இல்லைன்னு அர்த்தம். பாசிட்டிவ்னா இருக்குன்னு அர்த்தம்" என்றார்.

நீட்டிய மிட்டாய்ப் பெட்டியை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

"கிரேடு மூணுன்னா வேகமா வளர்ற வகை. மார்ஜின்னா ஓரம். நாங்க ஒரு துண்டை வெட்டி எடுக்கிறோம்ல, அதோட வெட்டின ஓரத்துல புற்று செல் இருக்கான்னு பாப்போம். இல்லைன்னா முழுசா எடுத்துட்டோம்னு நம்பிக்கை. இவங்களுக்கு ஓரத்துல இருக்கு. அப்படின்னா உள்ளயும் கொஞ்சம் மிச்சம் நின்னிருக்கும்."

மிச்சம் நிற்கிறது என்று நான் அன்றைக்கு நினைத்தது சரிதான். எது மிச்சம் நிற்கிறது என்பதில்தான் தப்பு.

ரேடியேஷன் கொடுக்க வேண்டும், வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஊசியும் சேர்த்து. குணப்படுத்துகிற எண்ணத்தோடுதான் கொடுக்கிறோம் என்றார். எல்லாவற்றுக்கும் லோசனி "சரி டாக்டர், சரி டாக்டர்" என்றாள். அவளுக்கு முந்தாநாளே தெரியும். வெளியே வந்ததும் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். "நீங்க அவ்வளவு சந்தோசமாச் சொன்னீகப்பா. நான் எப்பிடிச் சொல்லுவேன்?"

நான் ஆவுடையிடம் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பிடி?"

"பள்ளிக்கூடத்துல நோட்டுல ஓரமா ஒரு கோடு போடச் சொல்லுவாகல்லா? மார்ஜின் போடாம எழுதுனா டீச்சர் அடிப்பாகல்லா? அந்த மார்ஜின்தான். நீங்க எட்டாப்புக்கு மேல கடையிலயே கெடந்து அத மறந்துட்டீக. பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு மார்ஜின் நெகட்டிவ்னு சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்புனாக."

"பின்ன ஏன்ட்டி சொல்லல? கோட்டிக்காரன் மாதிரி ஊருக்கெல்லாம் மிட்டாய் குடுத்துருக்கேன்!"

கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

"வேட்டியெல்லாம் பாகு ஒழுக வந்து நின்னீக" என்றாள். "கல்யாணத்தன்னைக்குக்கூட ஒங்க மொகத்த நான் அப்பிடிப் பாத்ததில்ல. ஒரு நா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

மேசையில் சிஸ்டருக்குக் கொடுத்த துண்டு அப்படியே இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது.

பிப்ரவரி 27

எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 19

ரேடியேஷன் தொடங்கிவிட்டது. ஞாயிறு, சனி தவிர தினமும் திருநெல்வேலி பஸ். கடையை சேல்ஸ்மேன் அந்தோணி பார்த்துக்கொள்கிறான். இவள் ஜன்னலோரம், கையில் எலுமிச்சம்பழம். உள்ளே ஐந்து நிமிஷ வேலை. அதற்குப் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி.

இப்போது புரியாத வார்த்தையை நானாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்டுவிடுகிறேன். டாக்டரே கேலி செய்கிறார்: "ஐயா அடுத்த பரீட்சைக்கு ரெடி."

இன்று இது எதனால் வருகிறது என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். ஒரு வைரஸ் என்றார். புருஷன் பெண்சாதி சேர்க்கையில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகுமாம். பெரும்பாலானவர்களுக்கு வந்து தானாகவே போய்விடுமாம். சிலருக்கு மட்டும் தங்கிப் பல வருஷம் கழித்து இப்படி ஆகுமாம். "இதுல யார் தப்பும் இல்லைய்யா. யாருக்கும் இருக்கலாம்" என்று இரண்டு தடவை சொன்னார்.

இவளைத் தவிர இன்னொருத்தியை நான் நினைத்ததுகூடக் கிடையாது. அதை டாக்டரிடம் சொல்ல வாய் வந்தது. சொல்லி என்ன ஆக? பஸ்ஸில் கயத்தாறு தாண்டியதும் கேட்டுவிட்டேன்: "எங்கிட்ட இருந்தா வந்துருக்கும்ட்டி?"

அவள் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே சொன்னாள்: "ரெண்டு பேரும் சேந்துதான குடும்பம் நடத்துனோம். இதுல யாரு குடுத்தா, யாரு வாங்குனா? ஒங்க கட யாவாரமா இது?"

நான் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டேன். வெயில் அதிகம்.

ஏப்ரல் 4

ரசம் வைத்தேன். புளி தூக்கல். அவள் வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை என்பதால் திட்டு விழவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 11

ரேடியேஷனால் இவளுக்குக் கசிவு. நாப்கின் வாங்கக் கடைக்குப் போனேன். நான்தான் அந்தக் கடைக்குச் சரக்குப் போடுகிறவன். சோப்புக் கம்பெனிக்காரனின் நாப்கினையும் வருஷக்கணக்காக அட்டைப் பெட்டி பெட்டியாக இறக்கியிருக்கிறேன், ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்ததில்லை. கடைக்காரப் பையன் பழக்கதோஷத்தில் பேப்பரில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டான். "அண்ணாச்சி, அக்காவுக்கு வயித்துல கட்டின்னு சொன்னாக, இப்ப எப்பிடி இருக்கு?" என்றான்.

"வயித்துல இல்ல. கர்ப்பப்பை வாயில. கேன்சர்" என்றேன். கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். கவரைத் தூக்கி அவன் மேசையிலேயே போட்டுவிட்டு, பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மெயின் ரோடு வழியாக வீட்டுக்கு வந்தேன்.

ஆவுடையிடம் சொல்லவில்லை. எப்படியோ தெரிந்திருக்கிறது. மத்தியானம் ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்று திட்டினாள்.

ஜூன் 12

ரேடியேஷன் முடிந்தபிறகு எடுத்த ஸ்கேன். டாக்டர் "நெகட்டிவ்" என்றார். "எந்த நெகட்டிவ்?" என்று கேட்டேன். "நல்ல நெகட்டிவ்யா" என்றார். இன்னொரு தடவை கேட்டேன். இன்னொரு தடவை சொன்னார்.

"மிட்டாய் எங்க?" என்கிறாள் இவள்.

"ஒன் மிட்டாயும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்றேன். வாய்விட்டுச் சந்தோஷப்படப் பயமாக இருக்கிறது.

ஜூலை 20

ஆடி பிறந்துவிட்டது. ஆவுடை கோயிலுக்குப் போனாள். மெல்லத்தான் நடந்தாள். நானும் கூடப் போனேன். பிராகாரத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் அம்மனையும் அல்ல, என்னையும் அல்ல, போகிற வருகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 8

இருமல். மழைச் சாரல் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாள். கோவில்பட்டியில் ஏது மழை?

ஆகஸ்ட் 22

ஸ்கேன். இரண்டு நுரையீரலிலும் புள்ளி புள்ளியாக இருக்கிறது. அதற்குப் பெயர் மெட்டாஸ்டாசிஸ். இருந்த இடத்தை விட்டு வேறு இடத்துக்குக் குடிபோவது. கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"கர்ப்பப்பைய எடுத்தாச்சே டாக்டர், எடுத்துட்ட எடத்துல இருந்து எப்பிடி வரும்?" என்றேன். எடுக்கிறதுக்கு முன்னாலேயே கண்ணுக்குத் தெரியாமல் கிளம்பியிருக்கும் என்றார். நுரையீரலில் இருந்தாலும் இதற்குப் பெயர் கர்ப்பப்பை வாய்ப் புற்றுதானாம். வெளியூர் போனாலும் ஊர்ப் பெயர் போகாதுபோல.

ஊசி மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார். "பார்க்கலாம்" என்று அவர் இதற்கு முன்னால் சொன்னதில்லை.

செப்டம்பர் 5

முதல் ஊசி. வாந்தி. தலைமுடி தலையணையில். லோசனி பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து இருக்கிறாள். அக்கா வந்து ஆவுடையின் காலைப் பிடித்துவிட்டாள். போகும்போது பக்கத்து வீட்டில் "கர்ப்பப்பையில கேன்சரு" என்று அவளே சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

செப்டம்பர் 27

இரண்டாவது ஊசி. கால் வீக்கம். கிட்னி தாங்குமா என்று ரத்தம் எடுத்திருக்கிறார்கள். என்னிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. நானும் கத்துவதை நிறுத்திவிட்டேன். நேற்று அவள் கேட்டாள்: "ஏன் சத்தத்தையே காணோம்? வீடு வெறிச்சுன்னு இருக்கு. யாரையாவது திட்டுங்களேன்."

கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டு, அவளுக்குக் கேட்கிற மாதிரி திட்டினேன். அவன் பாவம், ஒன்றும் செய்யவில்லை.

அக்டோபர் 9

டாக்டர் கிரேஸ்லின் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து இத்தனை மாதத்தில் முதல் தடவையாக நான் உள்ளே, அவள் வெளியே. பலகைக்கு அந்தப் பக்கம், புருஷன்மார் பெஞ்சில், லோசனியின் தோளில் சாய்ந்துகொண்டு ஆவுடை உட்கார்ந்திருந்தாள்.

"ஐயா, மருந்து வேலை செய்யல. இன்னும் குடுத்தா கிட்னி தாங்காது. இனி நாம பாலியேட்டிவா போயிரலாம்."

புது வார்த்தை. அர்த்தம் கேட்டேன். அவர் சொன்னார். நான் மறுபடி கேட்டேன். அவர் மறுபடியும் சொன்னார், நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு. அர்த்தத்தை இங்கே எழுதப் போவதில்லை.

"அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நான் சொல்லுதேன்."

வெளியே வந்தேன். லோசனி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டாள். நான் ஆவுடை பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன சொன்னாக?"

"நல்லதுதான் சொன்னாக. இனிமே ஊசி கெடையாதாம். வாந்தி கெடையாது. பஸ் கெடையாது. வலி தெரியாம மருந்து குடுத்து வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிடலாமாம்."

"அதுக்கு ஏதாவது பேரு சொல்லுவாகளே. இங்க பேரு இல்லாம எதுவும் கெடையாதே."

"பாலியேட்டிவ்."

அவள் அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அவளால் பஸ் ஏற முடியாததால் பிடித்திருந்த வாடகைக் கார் வந்தது. ஏறி உட்கார்ந்து, பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது என் கையைத் தட்டினாள்.

"பாசிட்டிவ் மாதிரியேல்லா இருக்கு?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அப்ப மிட்டாய் வாங்கணுமே. வண்டிய நிப்பாட்டச் சொல்லுங்க."

நிறுத்தச் சொன்னேன். அதே கடை. பணத்தை எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை. கடைக்காரனே என் சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டான். கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன். நாலு நாளாகக் கஞ்சிகூட இறங்காதவள் பொட்டலத்தைப் பிரித்தாள். முன்சீட்டில் இருந்த லோசனிக்கும் டிரைவருக்கும் ஒவ்வொன்று கொடுத்தாள். தான் ஒரு நுனி கிள்ளி நாக்கில் வைத்துக்கொண்டாள். மீதியை என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"எனக்கு வேண்டாம்ட்டி."

"தின்னுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டே தின்னுங்க. அன்னைக்கு நான் தின்னேன்லா?"

தின்றேன். நல்ல பாகுதான்.